இனி எழுத்தில் வேண்டாம்

போன சனிக்கிழமை ஒரு பிறந்தநாள் விருந்து. சாப்பாடு முடிந்து பெரியவர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது பேச்சு எப்படியோ 2019-ல் டிரம்ப் மீது நடந்த முதல் இம்பீச்மென்ட் (பதவிநீக்க) விசாரணைக்குப் போய்விட்டது. ஒரு தம்பி அடித்துச் சொன்னார்: “அக்கா, அன்னைக்குச் சாட்சி சொன்ன அதிகாரிங்க எல்லாருமே கட்சிக்காரங்கதான். அந்த கர்னல் வின்ட்மேன் இருக்காரே, அவரோட இரட்டைச் சகோதரர் 2024-ல வர்ஜீனியாவுல ஜனநாயகக் கட்சி சார்பா நின்னு ஜெயிச்சு காங்கிரசுக்கே போயிட்டார். இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?”

சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். குழந்தைகள் சத்தத்தில் நான் சொன்ன பதில் பாதிப்பேர் காதில் விழவில்லை. அதனால் இங்கே முழுதாக எழுதுகிறேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தொழில் என்னவென்று தெரிந்தால்தான் எனக்கு இதில் ஏன் இவ்வளவு அக்கறை என்று புரியும். மருந்துக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்க்கிறேன். எங்கள் நோட்டில் பென்சில் கிடையாது, ஒயிட்னர் கிடையாது. தப்பாக எழுதிவிட்டால் ஒரே ஒரு கோடு போட்டு அடிக்க வேண்டும். கீழே இருப்பது படிக்கும்படி தெரிய வேண்டும். பக்கத்தில் தேதி, கையெழுத்து, காரணம். நோட்டில் இல்லாதது நடக்கவே இல்லை என்றுதான் எங்களுக்குக் கணக்கு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஊரில், ஒரு மாத்திரைத் தொகுதியைச் சோதித்தேன். முப்பது நிமிடத்தில் கரைய வேண்டிய அளவு அது கரையவில்லை. மேலே இருந்தவர் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: “இதை நோட்ல எழுதாதம்மா. ரஃப் பேப்பர்ல போட்டு வை. இன்னொரு தடவ போட்டுப் பாரு, நல்லா வந்தா அத எழுதிக்கலாம்.” நான் வந்ததை வந்தபடி எழுதினேன். அடுத்த மூன்று மாதம் எனக்கு இரவு ஷிஃப்ட். அன்றிலிருந்து, ‘எழுதாதே’ என்று யாராவது சொன்னால் அங்கே என்னவோ இருக்கிறது என்று மனசு சொல்லிவிடும்.

இனி விசாரணைக்கு வருகிறேன். சின்ன வயசுப் பிள்ளைகளுக்காகச் சுருக்கமாக நடந்தது இதுதான். உக்ரைனுக்கு அமெரிக்க காங்கிரஸ் ஒதுக்கிய ராணுவ உதவி சுமார் 39.1 கோடி டாலர். 2019 கோடையில் வெள்ளை மாளிகை அதை நிறுத்திவைத்தது. ஜூலை 25 அன்று ஜெலென்ஸ்கியுடன் தொலைபேசியில் பேசிய டிரம்ப், எங்களுக்கு ஒரு உதவி செய்யுங்கள் என்று ஆரம்பித்து, 2016 தேர்தல் சம்பந்தமாகவும், அடுத்த தேர்தலில் தன்னை எதிர்த்து நிற்கக்கூடிய ஜோ பைடன், அவர் மகன் சம்பந்தமாகவும் விசாரிக்கச் சொன்னார். அந்த உரையாடல் பற்றி ஆகஸ்ட் 12 அன்று ஒருவர் பெயர் வெளியிடாமல் புகார் எழுதினார். செப்டம்பர் 11 அன்று நிதி விடுவிக்கப்பட்டது. செப்டம்பர் 24 அன்று பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர் பெலோசி இம்பீச்மென்ட் விசாரணையை அறிவித்தார்.

இதற்கு நடுவில், செப்டம்பர் 9 அன்று இரண்டு தூதர்களுக்கு இடையே போன குறுஞ்செய்திகளைத்தான் நான் மறக்கவே மாட்டேன். கீவில் பொறுப்புத் தூதராக இருந்த பில் டெய்லர், ஒரு தேர்தல் பிரச்சாரத்துக்கு உதவி வேண்டும் என்பதற்காகப் பாதுகாப்பு நிதியை நிறுத்திவைப்பது பைத்தியக்காரத்தனம் என்று பட்டவர்த்தனமாக எழுதுகிறார். நாலரை மணி நேரம் கழித்து ஐரோப்பிய ஒன்றியத் தூதர் கார்டன் சோண்ட்லண்டிடமிருந்து பதில். அதுவரை சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று வக்கீல் மாதிரி எழுதுகிறார்: கொடுக்கல் வாங்கல் எதுவும் கிடையாது, அதிபர் தெளிவாகச் சொல்லிவிட்டார். கடைசியில், இனிமேல் குறுஞ்செய்தியில் இதைப் பேசிக்கொள்வதை நிறுத்துவோம் என்று ஒரு யோசனை.

‘இனி எழுத்தில் வேண்டாம்.’ அதைப் படித்தபோது என் பழைய ஆய்வகத்தின் வாடை வந்தது எனக்கு.

நவம்பர் 13 அன்று டெய்லர் பகிரங்கமாகச் சாட்சி சொன்னார். ராணுவப் பள்ளியில் படித்து, வியட்நாம் போருக்குப் போய், புஷ் காலத்திலேயே உக்ரைனில் தூதராக இருந்தவர். ஓய்வுக்குப் பிறகு அவரை மறுபடி கீவுக்கு அனுப்பியதே டிரம்ப்பின் வெளியுறவு அமைச்சர் பாம்பியோதான். யாரோடு பேசினாலும் குறித்துவைக்கும் பழக்கம் அவருக்கு. அந்தக் குறிப்புகளைத் துணையாக வைத்துக்கொண்டு நாள் வாரியாகச் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்றார். இன்னாரிடம் கேட்டேன், நேரில் கேட்கவில்லை என்று பிரித்துப் பிரித்துச் சொன்னார். குறிப்புகளைத் தன் இலாகாவிடம் ஒப்படைத்தும்விட்டார். ஆனால் சபை எத்தனை முறை கேட்டும் வெளியுறவு இலாகா விசாரணைக்கு ஒரு காகிதம்கூடக் கொடுக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து சோண்ட்லண்ட் வந்தார். தான் குறிப்பு எடுக்கிற ஆள் இல்லை, என்றைக்கும் எடுத்ததில்லை என்று அவரே சொன்னார். ஏற்கெனவே மூடிய அறையில் கொடுத்த வாக்குமூலத்தை நவம்பர் முதல் வாரத்தில் திருத்தியும் இருந்தார். டெய்லரும் மாரிசனும் சொன்னதைப் படித்த பிறகுதான் தனக்கு ஞாபகம் வந்ததாம். அதற்குப் பிறகு, ஆமாம், ஜெலென்ஸ்கி கேட்ட வெள்ளை மாளிகைச் சந்திப்புக்கும் உக்ரைன் செய்ய வேண்டிய விசாரணை அறிவிப்புக்கும் கொடுக்கல் வாங்கல் இருந்தது, எல்லாருக்கும் தெரியும் என்று ஒப்புக்கொண்டார். அவர் யார்? டிரம்ப்பின் பதவியேற்பு விழாவுக்குப் பத்து லட்சம் டாலர் கொடுத்து, டிரம்ப்பால் நியமிக்கப்பட்டவர். இவரையும் எதிர்க்கட்சி ஆள் என்று சொல்லப்போகிறோமா?

மாரிசன் என்றேனே, டிம் மாரிசன், வெள்ளை மாளிகையிலேயே வேலை பார்த்தவர். சோண்ட்லண்ட் விவகாரத்தில் டெய்லர் சொன்னதை ஏறக்குறைய அப்படியே உறுதிசெய்தார். அதே மனிதர், அந்தத் தொலைபேசி உரையாடலில் சட்டவிரோதமாக எதுவும் பேசப்பட்டதாக நான் கவலைப்படவில்லை என்றும் சொன்னார். இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தன. முதலாவது ஒரு தரப்புக்கு இனித்தது, இரண்டாவது இன்னொரு தரப்புக்கு இனித்தது. எனக்கு இரண்டும் வேண்டும். ஒரு சாட்சி இரு தரப்புக்கும் கசக்கிற மாதிரி பேசினால் அவரைக் கொஞ்சம் கூடுதலாகவே நம்புவேன்.

தம்பி குறிப்பிட்ட வின்ட்மேனுக்கு வருவோம். சோவியத் உக்ரைனில் பிறந்து, மூன்று வயதில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு இந்த நாட்டுக்கு வந்தவர். ஈராக்கில் குண்டுவெடிப்பில் காயம்பட்டுப் பதக்கம் வாங்கியவர். வெள்ளை மாளிகையின் தேசியப் பாதுகாப்புக் குழுவில் வேலை பார்த்தபோது ஜூலை 25 உரையாடலை நேரடியாகக் கேட்டவர். அந்த உரையாடலின் எழுத்துப் பிரதியில் இரண்டு திருத்தங்கள் சொன்னேன், அவை சேர்க்கப்படவில்லை என்றார். அதில் ஒன்று, ‘அந்தக் கம்பெனி’ என்று இருந்த இடத்தில் ‘புரிஸ்மா’ என்ற பெயர். பைடனின் மகன் இயக்குநராக இருந்த உக்ரைன் எரிவாயுக் கம்பெனி அது. அவருக்குக் கட்சி வெறி இருந்திருந்தால் இதை வைத்து ஊதிப் பெருக்கியிருக்கலாம். அவர் என்ன சொன்னார்? இதில் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை, பெரிய விஷயமில்லை என்று விட்டுவிட்டேன் என்றார். கட்சிக்காரர் இப்படியா பேசுவார்?

அன்று தன் அப்பாவை நினைத்து, கவலைப்படாதீர்கள் அப்பா, உண்மையைச் சொன்னதற்காக எனக்கு ஒன்றும் ஆகாது என்றாரே, அதைக் கேட்டு நான் அழுதேன். எனக்கும் இந்த நாட்டில் வலது கையை உயர்த்திப் பிரமாணம் எடுத்த ஒரு காலைப்பொழுது இருக்கிறது. ஊரில் என் அப்பா தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தார்.

2020 பிப்ரவரி 5 அன்று செனட் டிரம்ப்பை விடுவித்தது. பிப்ரவரி 7 அன்று வின்ட்மேனைக் காவலர்களோடு வெள்ளை மாளிகையிலிருந்து வெளியே அனுப்பினார்கள். அங்கேயே வேலை பார்த்த, எந்தச் சாட்சியும் சொல்லாத அவருடைய சகோதரரையும் சேர்த்து. அதே நாளில் சோண்ட்லண்டும் திருப்பி அழைக்கப்பட்டார். ஏப்ரலில், அந்தப் புகாரை நம்பத்தகுந்தது என்று சொன்ன உளவுத்துறை ஆய்வாளர் அட்கின்சனும் நீக்கப்பட்டார். அந்தச் சகோதரர் பிற்பாடு அரசியலுக்கு வந்தார் என்று சொல்கிற தம்பி, அவர் ராணுவ அதிகாரியாக இருந்தபோதே எதற்காக வெளியே அனுப்பப்பட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஐந்து வருடம் கழித்து ஒருவர் எந்தக் கட்சியில் இருக்கிறார் என்பதை வைத்து, அவர் அண்ணன் தம்பி அன்று சொன்னது உண்மையா பொய்யா என்று எப்படி முடிவு செய்வது?

சாட்சிகள் எதைப் பணயம் வைத்தார்கள் என்பதற்கு நவம்பர் 15 ஒரு நாளே போதும். முப்பத்து மூன்று வருடம் வெளியுறவுப் பணியில் இருந்த, டெய்லருக்கு முன் உக்ரைனில் தூதராக இருந்த மேரி யோவனோவிச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் போன இடமெல்லாம் கெட்டுப்போனது என்று அதிபர் ட்வீட் போட்டார். அதே நாள் அதே வாஷிங்டனில், காங்கிரஸ் குழுவிடம் பொய் சொன்னது உள்பட ஏழு குற்றங்களுக்காக டிரம்ப்பின் நெடுநாள் நண்பர் ரோஜர் ஸ்டோனைக் குற்றவாளி என்று நடுவர் குழு தீர்ப்பளித்தது. பிரமாணம் எடுத்துப் பொய் சொன்னால் சிறை என்பது அன்று அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். பிறகு ஸ்டோனின் தண்டனை ரத்தாகி, மன்னிப்பும் கிடைத்துவிட்டது. பொய் சொன்னவருக்கு மன்னிப்பு, கேட்டதைச் சொன்னவருக்கு வாசல். இதை எழுதும்போது இன்னும் வயிறு எரிகிறது.

மறுபக்கத்தை விட்டுவிட்டு எழுதினால் நானும் ஒயிட்னர் போட்டவள் ஆவேன். விசாரணையை நடத்திய சபையின் புலனாய்வுக் குழுத் தலைவர் ஆடம் ஷிஃப், புகார் எழுதியவரோடு நாங்கள் நேரடியாகப் பேசவில்லை என்று தொலைக்காட்சியில் சொன்னார். அவருடைய குழு ஊழியரை அந்த நபர் முன்பே அணுகியிருந்தார். இன்னொரு நாள், அதிபரின் உரையாடலைத் தன் சொந்த வார்த்தையில், அவர் பேசாததை எல்லாம் சேர்த்து நடித்துக்காட்டினார். கேட்டவர்கள் சிலர் அதுவே நிஜம் என்று நம்பினார்கள். கையில் அசல் பிரதி இருக்கும்போது எதற்கு அந்த வேலை? விசாரிக்கிறவரின் நோட்டு மற்றவர்களுடையதைவிடச் சுத்தமாக இருக்க வேண்டும். அந்த இரண்டு சறுக்கலும் நேர்மையான சாட்சிகளுக்குச் செய்த துரோகம்.

டிரம்ப்பின் கட்சிக்காரரான செனட்டர் லாமர் அலெக்சாண்டர் மாதிரி பேசியவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. நடந்தது நிரூபணமாகிவிட்டது, அது தவறு, ஆனால் பதவியைப் பறிக்கும் அளவுக்கு இல்லை, மக்கள் தேர்தலில் முடிவு செய்யட்டும் என்றார். எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் அது ஒரு மனசாட்சியுள்ள நிலைப்பாடு, நடந்ததை நடக்கவில்லை என்று சொல்லவில்லை.

என் கோபம் பிரமாணமே எடுக்காதவர்கள் மீது. வெள்ளை மாளிகையின் தற்காலிகத் தலைமை அதிகாரியாக இருந்த முல்வேனி அக்டோபர் 17 அன்று பத்திரிகையாளர்கள் முன், இதெல்லாம் எப்போதும் நடப்பதுதான், விட்டுத்தள்ளுங்கள் என்றார். சில மணி நேரத்தில் அப்படி நான் சொல்லவே இல்லை என்று அறிக்கை. மேடையில் இரண்டு விதமாகப் பேசியவர் விசாரணைக்கு வரவே இல்லை. பாம்பியோ வரவில்லை. எல்லாவற்றையும் பக்கத்திலிருந்து பார்த்த, குறிப்பு எடுப்பதில் பேர்போன, தேசியப் பாதுகாப்பு ஆலோசகராக இருந்த ஜான் போல்டன் சபைக்கு வராமல், செனட் கூப்பிட்டால் வருகிறேன் என்றார். ஜனவரி 31 அன்று 51-க்கு 49 என்று செனட் சாட்சிகளே வேண்டாம் என்றது. அவர் அறிந்ததை நாடு ஜூன் மாதம் காசு கொடுத்துப் புத்தகத்தில் வாங்கிப் படித்தது.

காகிதம் என்றைக்காவது வெளியே வரும் என்பதும் உண்மை. சபை டிரம்ப்பை இம்பீச் செய்ய வாக்களித்து இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 20 வெள்ளிக்கிழமை, நீதிமன்ற உத்தரவால் சில மின்னஞ்சல்கள் வெளியாயின. ஜூலை 25 அன்று காலை 11.04-க்கு, அதாவது அந்தத் தொலைபேசி உரையாடல் முடிந்து ஒன்றரை மணி நேரத்தில், வரவுசெலவு அலுவலகத்து அதிகாரி பென்டகனுக்கு எழுதுகிறார்: உக்ரைன் நிதியை நிறுத்திவையுங்கள், விஷயம் நுட்பமானது, அதிகம் பேருக்குத் தெரிய வேண்டாம். இதை சபை விசாரணையின்போது ஏன் யாரும் கொடுக்கவில்லை?

விருந்து முடிந்து செருப்பு மாட்டும்போது அந்தத் தம்பியிடம் ஒன்றுதான் கேட்டேன். “டெய்லர், வின்ட்மேன், மாரிசன் யாரை வேணும்னாலும் எடுத்துக்கோங்க தம்பி. அவங்க சொன்னதுல இந்த நாள், இந்த இடம், இந்த வரி பொய்யின்னு காட்டுங்க. காட்டினா நான் என் கருத்தை ஒரே கோடு போட்டு அடிச்சு, தேதியும் கையெழுத்தும் போட்டுத் தர்றேன்.”

தேடிப் பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். இந்தப் பதிவில் அவரை டேக் செய்யவில்லை. படித்தால் பதில் இங்கேயே எழுதட்டும்.