பதினாறு பாட்டில் பன்னிரண்டு சிங்கிள்: ஷனையா ட்வெய்னின் 'கம் ஆன் ஓவர்'

கனடாவின் கன்ட்ரி பாடகி ஷனையா ட்வெய்னின் 'கம் ஆன் ஓவர்' ஆல்பம் பற்றிப் பேச்சு வந்தாலே ரெண்டு கட்சி கிளம்பிவிடும். "கன்ட்ரி இசையைப் பாப்புக்கு அடகு வெச்சுட்டாங்க" என்பார் ஒருவர். (கன்ட்ரி என்பது அமெரிக்க நாட்டுப்புற வேர் கொண்ட இசை, பாப் என்பது வெகுஜன இசை.) "உலகம் பூரா நாலு கோடி வித்திருக்கு, அப்புறம் என்ன?" என்பார் இன்னொருவர். வேடிக்கை என்னவென்றால், பல நேரம் இவர்கள் இருவரும் கேட்டது ஒரே ஆல்பத்தையே அல்ல.

1997 நவம்பர் 4 அன்று மெர்குரி நாஷ்வில் என்ற இசை நிறுவனம் வெளியிட்டது வட அமெரிக்கப் பதிப்பு. அதில் ஃபிடில் (வயலின்) உண்டு, பெடல் ஸ்டீல் (மிதி வைத்த, கிடையாக வைத்து வாசிக்கும் கிதார்) தாராளமாக உண்டு. 1998இல் மற்ற நாடுகளுக்குப் போனது வேறு மிக்ஸ், அதாவது கருவிகளின் கலவை வேறு. அதே 16 பாட்டு, அதே குரல், ஆனால் ஸ்டீலும் ஃபிடிலும் பின்னுக்குப் போய் கீபோர்டும் எலெக்ட்ரிக் கிதாரும் முன்னுக்கு வந்துவிட்டன. 1999இல் அதிலும் சில பாட்டுகளின் மிக்ஸை மாற்றி இன்னொரு பதிப்பு. உங்களிடம் இருப்பது எது என்று தெரிய முதல் பாட்டைப் பார்த்தால் போதும். 'மேன்! ஐ ஃபீல் லைக் எ வுமன்!' என்று தொடங்கினால் வட அமெரிக்க மூலம். 'யூ ஆர் ஸ்டில் தி ஒன்' என்று தொடங்கினால் வெளிநாட்டு மிக்ஸ். செயலியில் தேடும்போது முதலில் வருவதைத் தட்டிவிட்டு "இதுல எங்கய்யா கன்ட்ரி?" என்று கேட்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

இப்படிப் பிரிக்க முடிந்ததற்குக் காரணம் தயாரிப்பாளர் மட் லாங்கே. அப்போது ஷனையாவின் கணவர். 16 பாட்டையும் இருவரும் சேர்ந்தே எழுதினார்கள். பிரிட்டிஷ் ராக் குழுவான டெஃப் லெப்பர்டின் 'ஹிஸ்டீரியா'வைத் தயாரித்தவரும் அவரே. 1987இல் வந்த அந்த ராக் ஆல்பத்தில் 12 பாட்டில் 7 சிங்கிள், அதாவது ஆல்பத்திலிருந்து தனியாக எடுத்து விட்ட பாட்டு. ஒவ்வொரு பாட்டும் தனியாக ரேடியோவில் நிற்க வேண்டும் என்ற அந்தக் கணக்கைத்தான் கன்ட்ரிக்குக் கொண்டுவந்தார்.

கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில் வழக்கப்படி பாடகர் ஒரு வரி பாடி நிறுத்துவார். அந்த இடைவெளியை ஸ்டீலோ ஃபிடிலோ நிரப்பும். பாட்டின் உயிரில் பாதி அந்த நிரப்பலில் இருக்கும். பெடல் ஸ்டீலை எடுத்துவிட்டால் பழைய கன்ட்ரிப் பாட்டு பலது பல் போன வாய் மாதிரி ஆகிவிடும். லாங்கே அந்த இடங்களை அடுக்கடுக்கான பின்னணிக் குரலுக்குக் கொடுத்தார். 'யூ ஆர் ஸ்டில் தி ஒன்' கோரஸை, அதாவது பல்லவியைக் கவனியுங்கள்: ஷனையாவின் வரிக்கு முந்திக்கொண்டு பதில் சொல்வது லாங்கேயின் குரல். மனதில் மாட்டிக்கொள்ளும் 'கொக்கி' வரி முழுக்கக் குரலிலேயே இருப்பதால் கருவியை மாற்றினாலும் பாட்டு குலையவில்லை. தாளிப்பு வேறு, குழம்பு ஒன்று. பால் ஃப்ராங்க்ளின் மாதிரி ஒரு ஸ்டீல் கலைஞரின் வாசிப்பை வெளிநாட்டுக்காரர்கள் சரியாகக் கேட்காமலே போனார்கள் என்பதில் மட்டும் எனக்கு வருத்தம் உண்டு.

மிக்ஸைவிடக் கெட்டிக்காரத்தனம் சிங்கிள் வந்த வரிசையில் இருக்கிறது. முதலில் விட்டது 'லவ் கெட்ஸ் மீ எவ்ரி டைம்', ஆல்பத்துக்கு முன்பே, 1997 செப்டம்பரில். நல்ல நாட்டுப்புற வாடை. பில்போர்டு பத்திரிகையின் கன்ட்ரிப் பட்டியலில் 5 வாரம் முதலிடம். சொந்த ஊர்க்காரர்களைச் சமாதானப்படுத்திவிட்டு அடுத்த ஊருக்குப் போவது என்பது இதுதான். இரண்டாவது 'டோன்ட் பி ஸ்டுப்பிட்' 6ஆம் இடத்தோடு நின்றது. 1998 தொடக்கத்தில் மூன்றாவதாக வந்த 'யூ ஆர் ஸ்டில் தி ஒன்' கன்ட்ரியில் முதலிடம் பிடித்ததோடு, எல்லா வகைப் பாட்டும் மோதும் ஹாட் 100 பட்டியலிலும் 9 வாரம் இரண்டாம் இடத்தில் உட்கார்ந்தது. முதலிடத்தை விடாமல் வைத்திருந்தவை நெக்ஸ்ட் குழுவின் ஒரு பாட்டும், பிராண்டியும் மோனிகாவும் சேர்ந்து பாடிய ஒன்றும்.

இதன் பிறகு ஒரே நேரத்தில் இரண்டு தண்டவாளம். ஒரு பாட்டு கன்ட்ரி ரேடியோவில் ஓடி அடங்கும். சில மாதம் கழித்து அதே பாட்டு வேறு மிக்ஸில் பாப் ரேடியோவுக்குப் போகும். 'ஃப்ரம் திஸ் மொமென்ட் ஆன்' ஆல்பத்தில் பிரையன் வைட்டுடன் பாடிய ஜோடிப் பாட்டு. பாப் ரேடியோவுக்குப் போனது ஷனையா மட்டும் பாடிய வடிவம். அது அங்கே ஏறிக்கொண்டிருந்தபோது கன்ட்ரி நிலையங்களில் 'ஹனி, ஐ'ம் ஹோம்' ஓடி முதலிடம் பிடித்துவிட்டது. ஒரு நிலையத்தில் அலுத்தது இன்னொரு நிலையத்தில் புதுசு. 1998 டிசம்பரில் பில்போர்டும் விதியை மாற்றியது: கடையில் சிங்கிளாக விற்காத பாட்டும் ரேடியோ ஓட்டத்தை மட்டும் வைத்து ஹாட் 100இல் நுழையலாம். 'தட் டோன்ட் இம்ப்ரெஸ் மீ மச்' அந்தப் பட்டியலில் 7ஆம் இடம் வரை போனது, பிரிட்டனில் 3.

இதெல்லாம் தவறே இல்லாத திட்டம் என்று நான் சொல்லவரவில்லை. 'வென்' என்ற பாட்டை வெளிநாட்டுக்கு மட்டும் விட்டார்கள். பிரிட்டனில் 18ஐத் தாண்டவில்லை. கடைசி நேரத்தில் தள்ளிய 'ராக் திஸ் கன்ட்ரி!' கன்ட்ரிப் பட்டியலில் 30ஆம் இடம். 2000 வரை ஒரே ஆல்பத்திலிருந்து பாட்டு பாட்டாக உருவினால் ரேடியோக்காரனுக்கும் சலிக்கத்தான் செய்யும். முழு ஆல்பமும் ஒரு மணி நேரம் ஓடுகிறது. ஒரே மூச்சில் கேட்டால் எல்லாம் கோரஸாகவே இருக்கிற மாதிரி காது களைத்துவிடும். (நாலு தலைப்பில் ஆறு ஆச்சரியக்குறி. எண்ணிப் பாருங்கள்.)

என் பெரிய குறை வேறு. சிங்கிள் ஆகாமல் போன நாலில் இரண்டுதான் இந்த ஆல்பத்தின் முதுகெலும்பு. அடிக்கிற புருஷனை விட்டுக் கிளம்பும் பெண்ணின் பாட்டு 'பிளாக் ஐஸ், ப்ளூ டியர்ஸ்'. பெண்ணைத் தொட வேண்டுமென்றால் முதலில் கேள் என்று 1997இலேயே சொன்னது 'இஃப் யூ வானா டச் ஹெர், ஆஸ்க்!'. 'ராக் திஸ் கன்ட்ரி!'க்குக் கிடைத்த இடத்தை இதில் ஒன்றுக்குக் கொடுத்திருக்கலாம்.

முந்தைய ஆல்பமான 'தி வுமன் இன் மீ'க்கு அவர் சுற்றுப்பயணமே போகவில்லை. ஸ்டூடியோவில் ஒட்டுப்போட்ட குரல், மேடையில் வராது என்று பேசியவர்களுக்கு 1998 மே மாதம் கனடாவின் சட்பரியில் தொடங்கிய பயணம் பதிலாயிற்று. பயணம் நீண்டது, விற்பனையும் நின்றபாடில்லை. கன்ட்ரி ஆல்பம் பட்டியலில் மொத்தம் 50 வாரம் முதலிடம். ஆனால் எல்லா ஆல்பமும் மோதும் பில்போர்டு 200இல் ஒரு வாரம்கூட முதலிடம் இல்லை, இரண்டோடு சரி. பிற்பாடு அமெரிக்காவில் மட்டும் 2 கோடிப் பிரதிக்கான சான்றிதழ் வாங்கியது அந்த இரண்டாமிடக்காரிதான்.

ஊருக்கு ஒரு மிக்ஸ் என்று இந்த ஆல்பத்தில் சத்தமில்லாமல் செய்ததை 2002இல் 'அப்!' ஆல்பத்தில் வெளிப்படையாகவே செய்தார்கள். 19 பாட்டு, மூன்று நிறத் தட்டு: சிவப்பு பாப், பச்சை கன்ட்ரி, நீலத்தில் பர்மிங்காமின் துக்கல் சகோதரர்கள் கொடுத்த இந்திய வாசனை. அமெரிக்கக் கடையில் சிவப்பும் பச்சையும், வெளிநாட்டில் சிவப்பும் நீலமும். ஸ்டீல் எங்கே என்று தேடுபவர்கள் பச்சையிலிருந்து ஆரம்பியுங்கள். அதே பாட்டை உடனே நீலத்தில் போட்டால் லாங்கே எதை மாற்றாமல் வைத்திருந்தார் என்பது காதுக்கே தெரிந்துவிடும்.