மேல மாசி வீதிக்கு மேல

(ரப்பர் ஸ்டாம்ப் வாங்கப் போன இடத்தில் முக்கால் மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டது. பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். முருகேசன், கல்யாணப் பெண்ணுக்கு அப்பா; தமிழிலும் இங்கிலீஷிலும் பத்திரிகை அடிக்கக் கொடுத்திருக்கிறார். செல்வி, அச்சகத்தில் டைப் அடிப்பவர்.)

முருகேசன்: தாயி, மண்டப விலாசத்துல அந்த 'ஆன்'னைத் தூக்கிட்டு 'இன்' போட்டுரு.

செல்வி: நேத்து சாயங்காலம்தான் 'இன்'னைத் தூக்கிட்டு 'ஆன்' போடச் சொன்னீங்க.

முருகேசன்: நேத்து சொன்னது நியூஜெர்சி. மாப்பிள்ளையோட அண்ணன். இன்னைக்குச் சொல்றது லண்டன். என் மச்சான் மகன்.

செல்வி: முந்தாநாள் 'அட்' போடச் சொன்னது?

முருகேசன்: அது உள்ளூரு. எங்க பெரியப்பா. ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர்.

செல்வி: அண்ணே, இது ஆறாவது ப்ரூஃப். மூணு வரைக்கும்தான் ஃப்ரீ. அதுக்கு மேல ஒவ்வொண்ணுக்கும் முப்பது ரூவா.

முருகேசன்: ரெண்டு எழுத்தை மாத்துறதுக்கு முப்பதா?

செல்வி: எழுத்துக்குக் காசு இல்லண்ணே. பொறுமைக்கு.

(அவர் சட்டைப் பையிலிருந்து பழைய ப்ரூஃபை எடுத்தார். நாலாக மடித்தது. தமிழ்ப் பக்கம் உள்ளே, இங்கிலீஷ் பக்கம் வெளியே. மடிப்பில் பேருக்கு ஒரு கசங்கல்கூட இல்லை. செல்வி அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, காதில் செருகியிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து மறுபடியும் காதிலேயே வைத்துக்கொண்டார். அது எதற்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை.)

முருகேசன்: நானும் ராத்திரி பூரா யோசிச்சேன் தாயி. லண்டன் சொல்றதுதான் நியாயம். 'ஆன்'னா மேல. மண்டபம் இருக்கிறது மேல மாசி வீதி. 'ஆன்' போட்டா மேல மாசி வீதிக்கு மேலன்னு ஆயிருதுல்ல? எதுக்கு ரெண்டு மேல?

செல்வி: அந்த மேல வேறண்ணே. அது மேற்கு. இங்கிலீஷ்ல வெஸ்ட் மாசி ஸ்ட்ரீட்னுதான் போட்டுருக்கேன்.

முருகேசன்: மேற்குக்கு எதுக்கு மேலன்னு பேரு வச்சான்?

செல்வி: மலை மேற்க இருக்கு, கடல் கிழக்க இருக்கு. மேடான பக்கம் மேல, பள்ளமான பக்கம் கீழ. தண்ணி மேல இருந்து கீழ வரும். வைகை அப்படித்தான வருது?

முருகேசன்: வைகையில தண்ணி எங்க தாயி வருது?

செல்வி: வந்தா அப்படி வரும்.

முருகேசன்: சரி, அது கிடக்கட்டும். வீதி மேல மண்டபம்னு அச்சடிச்சுக் கொடுத்தா, ஆக்கிரமிப்புன்னு மாநகராட்சிக்காரன் பத்திரிகையோட வந்து நிக்க மாட்டானா? முகூர்த்த நேரத்துல ஜேசிபி வந்துரும்.

செல்வி: அப்ப 'இன்' போட்டா வீதிக்குள்ள மண்டபம்னு ஆகும். பாதாளச் சாக்கடைக்குப் பக்கத்துல பந்தி. பரவாயில்லையா?

முருகேசன்: இதை நான் யோசிக்கலையே.

செல்வி: இன்னொரு ராத்திரி இருக்குல்லண்ணே. யோசிங்க.

முருகேசன்: சித்திரைத் திருவிழாவுக்குத் தேர் மாசி வீதியிலதான ஓடுது? தேருக்கு என்ன போடுவ?

செல்வி: 'ஆன்' போடலாம்.

முருகேசன்: பாத்தியா! தேர் ஓடுது, அதுக்கு 'ஆன்'. மண்டபம் ஓடலையே, ஒக்காந்துதான இருக்கு?

செல்வி: மண்டபம் ஒக்காந்திருக்குண்ணே. பத்திரிகைதான் நாலு நாளா ஓடுது.

முருகேசன்: கோவிச்சுக்காத. நீயே சொல்லு, மூணுல எது சரி?

செல்வி: மூணும் சரி.

முருகேசன்: மூணும் சரின்னா எதுதான் தப்பு?

செல்வி: மூணு பேருக்கும் ப்ரூஃபை அனுப்புனது. கேளுங்கண்ணே. லண்டன்காரங்களுக்குத் தெருன்னா ரெண்டு பக்கமும் வீடு வச்ச ஒரு பெட்டி. அதுக்குள்ள இருக்கோம், அதனால 'இன்'. அமெரிக்காக்காரங்களுக்கு அது ஒரு கோடு. கோட்டு மேல இருக்கோம், 'ஆன்'. உங்க பெரியப்பா கதவு நம்பரோட போடச் சொன்னாரா?

முருகேசன்: ஆமா. நம்பர் போடாத விலாசம் விலாசமே இல்லைம்பாரு.

செல்வி: நம்பர் போட்டுட்டா அது மேப்புல ஒரு புள்ளி. புள்ளிக்கு 'அட்'.

முருகேசன்: பெட்டி, கோடு, புள்ளி. நமக்கு?

செல்வி: நமக்கு 'ல'. வீட்டுல, ரோட்டுல, கட்டில்ல, பஸ்ல, தலையில. ஒரே 'ல'. எவனும் எங்கயும் வழி தப்பிப் போகலை.

முருகேசன்: சரி, அந்த வரியை 'அட்'னே வச்சிருவோம். பெரியப்பாதான் முத மொய் எழுதுவாரு.

செல்வி: முப்பது.

முருகேசன்: அடுத்த வரிக்கு வா. 'அட் மதுரை'. இதை யாரு போட்டா?

செல்வி: பெரியப்பாதான். பெரிய ஊருக்கு 'இன்', சின்ன ஊருக்கு 'அட்'னு பழைய இலக்கணப் பாடத்துல ஒரு கணக்கு உண்டு. அதை வச்சுச் சொல்லியிருப்பாரு.

முருகேசன்: மதுரை சின்ன ஊரா?

செல்வி: நான் சொல்லலண்ணே.

முருகேசன்: மதுரைய சின்ன ஊருன்னு என் சொந்தக் காசுல அச்சடிக்கவா? விடிய விடிய இட்லி கிடைக்கிற ஊரு தாயி இது! 'இன்' போடு. கொட்டை எழுத்துல போடு.

செல்வி: 'இன்'னை மட்டும் கொட்டை எழுத்துல போட்டா ஹோட்டல் பேரு மாதிரி இருக்கும்.

முருகேசன்: பரவாயில்ல, போடு. மறுநாள் ரிசப்ஷன், மாப்பிள்ளை வீட்டுல. அங்க என்ன போட்டுருக்க? 'அட் மேலூர்'. சரிதான், மேலூர் சின்ன ஊருதான். இருக்கட்டும்.

செல்வி: மேல் வரியில 'இன் மதுரை', கீழ் வரியில 'அட் மேலூர்'. சம்பந்தி பாப்பாருல்ல?

முருகேசன்: பாப்பாரு.

செல்வி: அவரு வீட்டுலயும் ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் இருப்பாருல்ல?

முருகேசன்: (ரொம்ப நேரம் கழித்து) மாப்பிள்ளையோட தாய்மாமன். போன வருசம்தான் ரிட்டயர் ஆனாப்ல.

செல்வி: நீங்க பெரிய ஊரு, அவங்க சின்ன ஊருன்னு நீங்களே அச்சடிச்சுக் கொடுத்த மாதிரி ஆயிரும். ரெண்டு எழுத்துல கல்யாணம் நிக்கணுமா?

முருகேசன்: ரெண்டுக்கும் 'இன்' போடு. மேலூரும் பெரிய ஊருதான். கிரானைட்டெல்லாம் இருக்கு.

செல்வி: முப்பது. இப்பல்லாம் ஊரு எதுவானாலும் 'இன்'தான் போடுறாங்கண்ணே. முதல் ப்ரூஃப்ல இந்தத் தொல்லையே இல்ல.

முருகேசன்: அப்ப முதல் ப்ரூஃபே சரியா?

செல்வி: முதல் ப்ரூஃப்ல 'இடம்'னு ஒரு வார்த்தை போட்டு, கோலன் வச்சு, மண்டபம் பேரு, வீதி, ஊருன்னு வரிசையா அடிச்சிருந்தேன். இங்கிலீஷ்லயும் 'வென்யூ'ன்னு போட்டு அதே மாதிரிதான். 'இன்' இல்ல, 'ஆன்' இல்ல, சண்டையும் இல்ல. நீங்கதான் சகலை வீட்டுப் பத்திரிகை மாதிரி முழு வாக்கியமா வேணும்னீங்க.

முருகேசன்: அவரு பத்திரிகையில வாக்கியம் ஆறு வரிக்குப் போச்சு தாயி. வர்றவன் போறவன் எல்லாம் பேசுனான்.

செல்வி: என்ன பேசுனாங்க?

முருகேசன்: மண்டபம் எங்கன்னு கேட்டான்.

(இந்த இடத்தில் நான் சிரித்துவிட்டேன். அவர் திரும்பி என்னையும் வழக்கில் சேர்த்துக்கொண்டார். "சார், நீங்க படிச்சவங்க மாதிரி இருக்கீங்க, நீங்க சொல்லுங்க, எந்த..." ஸ்டாம்ப் காய்ந்துவிட்டதா பார்க்கிறேன் என்று எழுந்துகொண்டேன். ஆறு ப்ரூஃபை ஏழு ஆக்குகிற பாவம் நமக்கெதற்கு.)

முருகேசன்: வழி போட்டுருக்கியே, அதுல ஒரு தப்பு இருக்குன்னு நியூஜெர்சி சொல்லுது. பஸ்ல வர்றவங்க பெரியார் பஸ் ஸ்டாண்டுல 'கெட் டவுன்'னு போட்டுருக்க. 'கெட் ஆஃப்'னு போடணுமாம்.

செல்வி: மாத்திட்டேன். முப்பது.

முருகேசன்: இறங்குறதுன்னா டவுன்தான? இத்தனை வருசமா கண்டக்டர்ட்ட அப்படித்தான சொல்லி இறங்குனோம்? நிப்பாட்டித்தான இறக்கி விட்டான்?

செல்வி: நம்ம கண்டக்டருக்கு அது புரியும். நியூஜெர்சிக்குப் புரியாது.

முருகேசன்: நியூஜெர்சி பஸ்லயா வரப்போகுது? ஏர்போர்ட்ல இருந்து நேரா கார்ல வருது. கார்ல வர்றவங்களுக்கும் 'கெட் ஆஃப்'தான?

செல்வி: இல்ல. காருக்கு 'கெட் அவுட்'.

முருகேசன்: கல்யாணத்துக்கு வர்றவனை கெட் அவுட்டுங்கிறதா? வாசல்லயேவா?

செல்வி: குனிஞ்சு ஏறினா 'இன்', அதுல இருந்து வந்தா 'அவுட்'. நிமிர்ந்து ஏறினா 'ஆன்', இறங்குனா 'ஆஃப்'. காருக்குக் குனியணும். பஸ்ஸு, ரயிலு, பிளேனுக்கு நிமிர்ந்தே போகலாம்.

முருகேசன்: ஆட்டோ?

செல்வி: குனியணும். 'இன்'.

முருகேசன்: ஷேர் ஆட்டோ? டிரைவர் பக்கத்துல ஒரு காலு உள்ள, ஒரு காலு வெளிய?

செல்வி: அதுக்கு இங்கிலீஷ்காரன் இன்னும் கண்டுபிடிக்கலண்ணே.

முருகேசன்: சரி, பந்தி கீழ. 'ஆன் த கிரவுண்ட் ஃப்ளோர்'. இதுல தகராறு இல்லையே?

செல்வி: லண்டனுக்கு இல்ல. அமெரிக்காவுல கீழ்த்தளத்தையே ஃபர்ஸ்ட் ஃப்ளோரும்பாங்க. நம்ம பத்திரிகையில முகூர்த்தம் ஃபர்ஸ்ட் ஃப்ளோர்னு இருக்கு. நியூஜெர்சி நேரா பந்திக்குப் போயிரும்.

முருகேசன்: மத்தவங்க மட்டும் எங்க போகப் போறாங்க? விடு.

(முதல் தடவையாக ஒரு வரி திருத்தமில்லாமல் தப்பியது.)

செல்வி: அண்ணே, ஒண்ணு கேக்கவா? எத்தனை பத்திரிகை அடிக்கிறோம்?

முருகேசன்: எண்ணூறு.

செல்வி: நியூஜெர்சிக்கும் லண்டனுக்கும் எத்தனை போகுது?

முருகேசன்: அதுக்கு எதுக்கு அச்சு? போன்ல போட்டோ புடிச்சு அனுப்பிருவேன்.

செல்வி: அப்ப அந்த எண்ணூறும்?

முருகேசன்: மேலூரு, திருமங்கலம், உசிலம்பட்டி, செல்லூரு. எல்லாம் நம்ம சனம்.

செல்வி: அவங்க எந்தப் பக்கம் படிப்பாங்க?

முருகேசன்: தமிழ்ப் பக்கம்தான்.

செல்வி: நீங்க எந்தப் பக்கம் படிச்சீங்க?

முருகேசன்: தமிழ்ல என்ன தாயி இருக்கு? அது தன்னால சரியா இருக்கும்.

செல்வி: ஆறு ப்ரூஃப்லயும் சிவப்புல வட்டம் போட்டுக் கொடுத்தேனே, பாக்கலையா?

முருகேசன்: அது டிசைன் இல்லையா? நல்லா இருக்குன்னு எங்க வீட்டுல சொன்னாளே.

செல்வி: பிரிங்க. பொண்ணு பேரை வாசிங்க.

முருகேசன்: திருநிறைச்செல்வி கயல்... விளி.

செல்வி: நீங்க கைப்பட எழுதிக் கொடுத்த மேட்டர். போன்லயும் கேட்டேன், "எழுதினபடியே போடு தாயி, இங்கிலீஷை மட்டும் பாரு"ன்னீங்க.

முருகேசன்: விழிக்கும் விளிக்கும் என்ன பெரிய...

செல்வி: நான் எம்ஏ தமிழ்ண்ணே. கேட்டுட்டீங்க, சொல்லிருறேன். நீங்க நாலு நாளா சண்டை போடுற இந்த 'இன்', 'ஆன்', 'அட்' எல்லாம் நம்மகிட்ட ஏழாம் வேற்றுமை. பவணந்தி முனிவர் நன்னூல்ல அதுக்கு 28 உருபு சொல்றாரு. மேல் இருக்கு, கீழ் இருக்கு, உள், புறம், முன், பின் எல்லாம் இருக்கு. கடைசியா வர்றது 'இல்'. அதுதான் தேஞ்சு தேஞ்சு இந்த 'ல'. முதல்ல வர்றது என்ன தெரியுமா? கண்.

முருகேசன்: கண்ணா?

செல்வி: கண். ஏழாவது வேற்றுமைக்கு உருபு கண். எட்டாவது வேற்றுமைக்குப் பேரு விளி. கூப்பிடுறது. உங்க பொண்ணு பேருல கண்ணு இருக்க வேண்டிய இடத்துல எட்டாம் வேற்றுமை வந்து ஒக்காந்திருக்கு. மீன்கண்ணின்னு வச்ச பேரு, 'ஏ மீனு, இங்க வா'ன்னு ஆயிருச்சு. அதுவும் மீனாட்சி ஊருல.

முருகேசன்: ஆத்தாடி. நியூஜெர்சி இதைச் சொல்லவே இல்லையே.

செல்வி: நியூஜெர்சிக்குத் தமிழ்ப் பக்கம் அனுப்புனீங்களா?

முருகேசன்: (வட்டத்தை விரலால் தடவியபடி) இதை மாத்த முப்பதா?

செல்வி: அறுபது. நீங்களா கண்டுபிடிச்சிருந்தா முப்பது.

முருகேசன்: மாத்திரு. அப்படியே அந்த முதல் ப்ரூஃப், கோலன் வச்சது, இருக்கா?

செல்வி: அழிக்கவே இல்லண்ணே. இதுக்குத் திரும்பி வருவீங்கன்னு தெரியும்.

(அவர் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். லண்டன். "மாமா, அந்த 'இன்' மாத்தியாச்சா? எங்க இருக்கீங்க?")

முருகேசன்: அச்சகத்துல இருக்கேன் மாப்ள. அச்சகத்து... ல. ஆமா, வெறும் 'ல'தான். அதுக்கு மேல எதுவும் கேக்காத. ஏய், அந்த மேல இல்ல மாப்ள, இது வேற மேல. வைய்யி போனை.

செல்வி: மொத்தம் நூத்தி எண்பதுண்ணே.