சாவு வீட்டுக்கு வெளியே கேட்ட கானா

போன வாரம் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரம். கானாவும் ராப்பும் கலந்து சாதிக்கு எதிராகப் பாடும் சென்னைக் குழுவான ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ பாட்டு ஒன்றை நண்பர் ஒருவர் போனில் அரை நிமிடம் கேட்டார். “கருத்தெல்லாம் சரி, ஆனா மியூசிக்னு பாத்தா ஒரே சத்தமா இருக்கே” என்றார். நல்ல மனிதர், குத்திக்காட்டச் சொல்லவில்லை. எனக்குத்தான் அன்றைக்கு முழுக்க வேலை ஓடவில்லை. அவருக்கு நான் சொல்ல வேண்டிய பதில் ஒரு மைதானத்தில் இருக்கிறது, 2018 ஜனவரி 6-ஆம் தேதி ராத்திரியில் இருக்கிறது. அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் என் தாய்மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் சட்டி அடிப்பவர். பகலில் யானைகவுனிப் பக்கம் மூட்டை தூக்குவார். வியாசர்பாடியிலோ புளியந்தோப்பிலோ ஓட்டேரியிலோ சாவு விழுந்தால் ராத்திரி ஆள் அனுப்புவார்கள். சட்டி தெரியாதவர்களுக்காக: கிண்ணம் மாதிரி உடம்பு, வாயில் இழுத்துக் கட்டிய தோல், இரண்டு மெல்லிய குச்சிகள். பார்க்கச் சின்னதாக இருக்கும். ஆனால் அது சேர்ந்ததும் கூட்டத்தில் சும்மா நிற்கிறவனின் காலும் அசைய ஆரம்பித்துவிடும்.

நான் கானா கேட்டு வளர்ந்ததெல்லாம் அந்தப் பந்தல்களில்தான். தெருவை அடைத்துச் சாமியானா, உள்ளே ஐஸ் பெட்டியில் உடல், வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகள், விடிய விடிய டீ. பாடுகிறவர் வந்ததும் முதலில் வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு விசாரிப்பார். செத்தவர் பேர் என்ன, பிள்ளைகள் எத்தனை, என்ன வேலை பார்த்தார், கடைசியாக என்ன சாப்பிட ஆசைப்பட்டார். பத்து நிமிடத்தில் அதெல்லாம் பாட்டுக்குள் வந்துவிடும். தாளம் இல்லாமல் நீளமாக இழுத்து ஒரு வரி, அப்புறம் ஒரு நிறுத்தம், அந்த நிறுத்தம் முடிகிற இடத்தில் சட்டியும் டோலக்கும் விழும். எழுதி வைக்காமல், ஒத்திகை பார்க்காமல், அழுதுகொண்டிருக்கும் ஒரு குடும்பத்தின் முன்னால் நின்று இதைச் செய்ய எவ்வளவு வித்தை வேண்டும் என்று சின்ன வயதில் எனக்குத் தெரியாது. வெளியே யாரும் அதை வித்தை என்று சொல்லவும் இல்லை. சினிமாவில் கானா வந்தால் அங்கே ஒருவன் குடித்துவிட்டு ஆடிக்கொண்டிருப்பான்.

அந்தச் சனிக்கிழமை கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெயின் பள்ளி மைதானத்துக்கு மாமாவையும் கூட்டிக்கொண்டு போனேன். காஸ்ட்லெஸ் கலெக்டிவின் முதல் மேடை. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கிய குழு. மாமாவுக்கு வர விருப்பமே இல்லை. “பாட்டு கேக்கறதுக்கு எதுக்கு மாப்ள கீழ்ப்பாக்கம் வரிக்கும் போணும்? நம்ம தெருவுல கேக்காத பாட்டா?” என்று பஸ்ஸில் இரண்டு தடவை கேட்டார்.

மேடைக்கு வந்தவர்கள் பத்தொன்பது பேர். கோட்டு சூட்டு போட்டிருந்தார்கள். இதைப் படிக்கிற சிலருக்கு அது வெறும் மேடை உடுப்பாகத் தெரியலாம். எங்கள் வீட்டுச் சுவரில் கோட்டு போட்ட ஒரே ஆள் அம்பேத்கர். சாவு மேளக்காரன் என்றால் லுங்கியும் நனைந்த பனியனும் என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு, கோட்டுப் போட்டு சட்டிக்கு முன்னால் நிமிர்ந்து நிற்கிற ஒரு பையனைப் பார்ப்பது சாதாரண விஷயம் இல்லை. மாமா கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். பேசவில்லை.

குழுவின் பெயர் வந்த வழியும் எனக்கு முக்கியம். தலித் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதர் நூறு வருஷத்துக்கும் முன்பே தம் மக்களைக் குறிக்கப் பயன்படுத்திய ‘சாதிபேதமற்ற’ என்கிற சொல்தான் ஆங்கிலத்தில் ‘காஸ்ட்லெஸ்’ ஆகியிருக்கிறது. ராயப்பேட்டையில் 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ பத்திரிகை நடத்தியவருடைய சொல், அதே ஊரில் பெரிய பெரிய ஸ்பீக்கர்களுக்கு நடுவே திரும்ப வந்து நிற்கிறது. இதில் எனக்குப் பெருமை உண்டு, அதை மறைக்க மாட்டேன்.

சரி, சத்தத்துக்கு வருகிறேன். ஆரம்பத்தில் நாங்கள் நின்ற இடம் சரியில்லை, ஓரத்தில் நின்றதால் வார்த்தைகள் பிடிபடவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடுவே, மேடைக்கு நேர் எதிரே போனோம். அங்கே போனதும்தான் பாட்டு திறந்தது. கட்ட மோளம் என்கிற பெரிய மேளத்தின் அடி காதுக்கு வருவதற்கு முன்பே நெஞ்சில் விழுகிறது. பேஸ் கிதார் அதோடு ஒட்டிக்கொண்டு கீழேயே ஓடுகிறது. பறை நடுவில் வெட்டி வெட்டிப் போகிறது. சட்டி எல்லாவற்றுக்கும் மேலே, தகரக் கூரையில் மழை மாதிரி. இவற்றுக்கு இடையில் குரலுக்கு என்று ஒரு இடம் விட்டிருக்கிறார்கள். அதில்தான் கானா நுழைகிறது, குழுவின் ராப் பாடகர் அறிவு பாடும் ராப் நுழைகிறது. போன் ஸ்பீக்கரில் கீழே இருக்கும் அந்த அடி மொத்தமும் செத்துப்போய்விடும், மேலே இருக்கிற சட்டி மட்டும் மிஞ்சும், குரல் அதோடு மல்லுக்கு நிற்கும். நண்பர் கேட்ட ‘சத்தம்’ அதுதான். அவர் மேல் தப்பில்லை. பாட்டில் பாதியைத்தான் அவர் கேட்டிருக்கிறார்.

இடஒதுக்கீட்டைப் பற்றிப் பாடினார்கள். மாட்டுக்கறியைப் பற்றி, வடசென்னையைப் பற்றிப் பாடினார்கள். வீட்டில் சாப்பிட்டுவிட்டு வெளியே சொல்லக் கூடாது என்று என் அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு விஷயத்தை ஒரு மைதானமே கைதட்டிக் கூடவே பாடுகிறது. பக்கத்தில் நின்ற ஒரு காலேஜ் பெண் பேர் கூடத் தெரியாத என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு டப்பாவைக் கையால் மறைத்துக்கொண்டு சாப்பிட்ட வருஷங்களை அந்த நேரத்தில் நினைத்துக்கொண்டேன்.

இதை ‘கருத்துப் பாட்டு’ என்று தனியாக ஒதுக்குகிறவர்களிடம் எனக்கு ஒரே ஒரு சண்டை உண்டு. கருத்து மட்டும் போதும் என்றால் ஒரு துண்டறிக்கை போதுமே, எதற்குப் பத்தொன்பது பேர்? கோபத்தைத் தாளத்தில் உட்கார வைக்கத் தெரிந்தவர்கள் இவர்கள். ஒரு வரியில் சிரிக்க வைத்து அடுத்த வரியில் தொண்டையை அடைக்க வைப்பது சாவு வீட்டு கானாவின் பழைய பழக்கம். அந்த வேலையை மேடையில் அப்படியே செய்தார்கள்.

அப்புறம் இசைவாணி. அந்த மேடையில் பாடிய ஒரே பெண். இதன் கனம் எங்கள் தெருக்காரர்களுக்குச் சட்டென்று புரியும். சாவு வீட்டில் பெண்களும் பாடுவார்கள்தான், ஆனால் அது உடலைச் சுற்றி உட்கார்ந்து, மாரில் அடித்துக்கொண்டு பாடும் ஒப்பாரி. அதற்கு மைக் கிடையாது, கேட்க நாற்காலி போட்டு உட்காரும் ஆளும் கிடையாது. பந்தலில் மைக் பிடித்துக் கானா பாடுவது ஆண்கள் வேலை. என் பாட்டி ஒப்பாரி வைத்தால் தெருவே நின்று கேட்கும், ஆனாலும் அவளை யாரும் பாட்டுக்காரி என்று சொன்னதில்லை. ராயபுரத்துப் பெண் ஒருத்தி கானாவை முழுத் தொண்டையில் எடுத்தபோது எனக்குப் பாட்டி ஞாபகம்தான் வந்தது. 2020-இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இசைவாணியின் பெயர் வந்தது. அந்தச் செய்தியை என் தங்கைக்கு முதலில் அனுப்பியது நான்தான்.

அது மார்கழி. அதே வாரத்தில் மயிலாப்பூரிலும் ராயப்பேட்டையிலும் சபாக்களில் கச்சேரி நடந்துகொண்டிருந்தது. மியூசிக் அகாடமி 1928-இல் தொடங்கியது. தலைமுறை தலைமுறையாக அந்த இசைக்கு அரங்கு இருக்கிறது, சீசன் இருக்கிறது, மறுநாள் விமர்சனம் இருக்கிறது. இருக்கட்டும், அதை நான் குறை சொல்லவில்லை, நல்ல நாகஸ்வரம் எனக்கும் பிடிக்கும். என் வருத்தம் வேறு. அதே நகரத்தில் அதே அளவு உழைப்போடு வாசித்த கைகளுக்குப் பந்தலைத் தாண்டி இப்படி ஒரு மேடை கிடைக்க 2018 ஆகியிருக்கிறது. 2020 டிசம்பரில் கானா, பறை மாதிரியான மக்கள் இசைக்கான ‘மார்கழியில் மக்களிசை’ விழா தொடங்கியபோது நான் சந்தோஷப்பட்டதற்குக் காரணமும் இதுதான். வருஷத்துக்கு ஒரு தடவை போதாது. கார்ப்பரேஷன் மைதானம் இருக்கிற ஒவ்வொரு ஏரியாவிலும் இது நடக்க வேண்டும். நல்ல ஸ்பீக்கரோடு, சரியான விளக்கோடு, வாசிக்கிறவர்களுக்கு ஒழுங்கான சம்பளத்தோடு நடக்க வேண்டும். சட்டையில் குத்துகிற பத்து ரூபாய் நோட்டோடு இது நின்றுவிடக் கூடாது.

அதற்கப்புறம் அவர்களை மூன்று முறை நேரில் கேட்டுவிட்டேன். வாசிப்பு ஒவ்வொரு முறையும் இன்னும் இறுகியிருந்தது. ஆனால் அந்த முதல் ராத்திரியைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நிகழ்ச்சி முடிந்து புரசைவாக்கம் வரை நடந்தே வந்தோம். பனி. மாமா ரொம்ப நேரம் எதுவும் சொல்லவில்லை. பாட்டு நடக்கும்போது ஒரு இடத்தில் அவர் கைக்கட்டு அவிழ்ந்து, இரண்டு கையும் தொடையில் தாளம் போட்டதை நான் பார்த்தேன், ஆனால் கேட்கவில்லை. டீக்கடையில் நின்றபோது அவராகவே ஆரம்பித்தார்.

“அந்தப் பையனுக்கு இடது கை நல்லா போவுது.”

“ஆமா மாமா.”

“சட்டிக்குன்னு தனியா மைக்கு வச்சிருந்தாங்க. பாத்தியா?”

நான் கவனித்திருக்கவில்லை. பாடுகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

“முப்பது வருசமா அடிக்கிறேன் மாப்ள. எப்பவும் பாடறவனுக்குத்தான் மைக்கு. என் கையாண்ட ஒருத்தனும் கொண்டாந்து வச்சதில்ல.” டீயை ஒரு வாய் குடித்தார். “அடுத்த தபா எப்போன்னு கேட்டு வையி.”