முழுதாகக் கேட்டுவிட்டுச் சொல்லுங்களேன்

ஹாரி பார்ட்சின் இசையைக் கிளிநொச்சியில் ஒருவருக்குப் போட்டுக் காட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. ஒரு ஸ்தாயியை, அதாவது கீழ் ச முதல் மேல் ச வரையுள்ள இடைவெளியை, வழக்கமான பன்னிரண்டுக்குப் பதிலாக 43 சுரங்களாகப் பிரித்து, அதற்கென்றே வாத்தியங்களையும் தன் கையால் செய்த அமெரிக்கர் அவர். பெரிய கண்ணாடிக் குடுவைகளை வெட்டித் தொங்கவிட்டுத் தட்டும் அந்த ஓசை இருக்கிறதே, அப்படியொரு அழகு!

ஆனால் பரந்தன் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது போனில் என்ன கேட்கும்? மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் அவருடைய பெரிய மரிம்பாவின் அடிநாதம் காதைவிட நெஞ்சில்தான் விழும். போன் ஸ்பீக்கரில் அது வரவே வராது, வெறும் டொக் டொக்தான் மிஞ்சும். அரை நிமிடத்துக்குள் "மச்சான், சுருதி பிழைக்குதடா, வேற போடு" என்கிறான் கேட்கும் நண்பன்.

பிழைக்கவில்லையடா! வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலில், சுரத்தை அசைத்து வளைக்கும் நாதஸ்வரக் கமகத்துக்குத் தலையாட்டுகிறாயே, அது மட்டும் பன்னிரண்டு சுரத்துக்குள்ளேயா நிற்கிறது? முழுதாகக் கேட்டுவிட்டுப் பிடிக்கவில்லை என்று சொல், கோபிக்கமாட்டேன்.