மழையைச் சாக்கு வைத்து நீச்சலை விட்டவன் எழுதுவது

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து முடிக்க வேண்டிய கோவா 70.3 பந்தயம் முடிந்த மறுவாரமே எங்கள் வாட்சப் குழுவில் நீச்சல் பேச்சு நின்றுவிடும். எல்லோரும் ஜனவரி சென்னை மாரத்தானுக்குத் தாவிவிடுவார்கள். வடகிழக்குப் பருவமழை வேறு. "மொத்தம் 113 கிலோமீட்டர். அதில் நீச்சல் 1.9 தானே, பிப்ரவரியில் பார்த்துக்கலாம்" என்பார்கள். நானும் அப்படிச் சொன்னவன்தான். போன வருடம் 2 மாதம் பூல் பக்கமே போகவில்லை. திரும்பி இறங்கியபோது 100 மீட்டருக்கு 15 விநாடி கூடியிருந்தது. மூச்சு வாங்கவே இல்லை, ஓட்டம் அதைக் காப்பாற்றியிருந்தது. கைதான் தண்ணீரைப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே போனது. அந்தப் பிடியை ரோட்டில் ஓடியோ ஈசிஆரில் சைக்கிள் மிதித்தோ பழக முடியாது.

இன்னொன்றும் நடக்கிறது. ஓட்டம் கூடக் கூடக் கணுக்கால் இறுகிவிடும். பாதம் பின்னால் நீளாமல் கொக்கி மாதிரி நின்றுகொண்டு தண்ணீரைத் தடுக்கும். சைக்கிளில் குனிந்தே கிடந்தால் நெஞ்சும் தோளும் சுருங்கி, கை முன்னால் நீளாது. குளிர்நாட்டுப் பந்தயம் என்றால் வெட்சூட் என்கிற மிதக்கும் ரப்பர் உடை இருக்கிறது, தாழும் காலை அதுவே தூக்கிக் கொடுக்கும். கோவாக் கடல் வெதுவெதுப்பானது, அங்கே வெட்சூட் கிடையாது. தாழ்கிற காலை 1.9 கிலோமீட்டரும் நாமே இழுத்துப் போக வேண்டியதுதான்.

அதற்காக வாரம் 5 நாள் பூலிலேயே கிடக்கச் சொல்லும் கூட்டத்தோடும் எனக்கு ஒத்துப்போவதில்லை. அத்தனை உழைத்தாலும் நம்மைப் போன்றவர்களுக்குக் குறைவது சில நிமிடம். அதே உழைப்பைச் சைக்கிளில் போட்டால் அதைவிட நிறையக் குறையும். என் கணக்கு: வாரம் 3 நாள், தடவைக்கு 30 நிமிடம். ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாக ஒன்றரை மணி நேரம் நீந்துவதைவிட இதுதான் பிடியைக் காக்கிறது. கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு இறங்குகிறேன். ஸ்ட்ரோக்கை, அதாவது கை வீசி இழுக்கும் முறையை மாற்றினால் முதலில் வேகம் குறையும். பந்தயத்துக்கு 6 வாரம் இருக்கும்போது அந்தத் தைரியம் யாருக்கு வரும்? நவம்பரில் வரும்.

ஷட்டில் ஆடுகிறவர்களுக்கு ஒன்று. ஸ்மாஷும் நீச்சலும் தின்பது ஒரே தோளை. ஒருமுறை காலையில் பூல், சாயங்காலம் கோர்ட் என்று ஆடிவிட்டு 3 வாரம் சட்டை மாட்டவே கஷ்டப்பட்டேன். இப்போது ஷட்டில் ஆடிய மறுநாள் பூலில் கால் உதைப்பு மட்டும்தான். இறுகிய கணுக்காலுக்கும் அது நல்லது.

இந்தச் செவ்வாய்க்கிழமை இடி இடித்ததும் எல்லோரையும் பூலிலிருந்து ஏற்றிவிட்டார்கள். சரி, நியாயம்தான். வீட்டுக்கு வந்து ரப்பர் பேண்டை ஜன்னல் கம்பியில் கட்டி இழுத்துக்கொண்டிருந்தேன். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கம்பி கழண்டா நீதான் ஆளைக் கூட்டிட்டு வரணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.