என்ன கிழித்தோம் என்று கேட்டவருக்கு

அந்த மூன்று நிமிடக் காணொளி இந்நேரம் எல்லோருடைய கைப்பேசிக்கும் வந்து சேர்ந்திருக்கும் என்பதால் அதை இங்கே மறுபடியும் பகிரப் போவதில்லை. சிறப்பு விருந்தினராக வந்து பேசியவர் பெயரும் வேண்டாம், கல்லூரியின் பெயரும் வேண்டாம். ஆண்டு விழா மேடை, சால்வை, நினைவுப் பரிசு, அதன் பிறகு "செகண்ட் இயர்ல கெமிஸ்ட்ரியும் மேத்ஸும் படிச்சு என்னத்தைக் கிழிக்கப் போறீங்க, கோடிங் கத்துக்கோங்க, அது போதும்" என்ற அருள்வாக்கு. மாணவர்கள் விசிலடித்தார்கள். அதில் எனக்கு வருத்தமே இல்லை. பத்தொன்பது ஆண்டுகளாக எம்-த்ரீ என்ற மூன்றாவது கணிதத் தாளைத் திருத்திவரும் எனக்கு அந்த வயதின் கோபம் நன்றாகத் தெரியும். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஆசிரியர்கள் கைதட்டினார்களே, அதைத்தான் என்னால் செரித்துக்கொள்ள முடியவில்லை.

கெமிக்கல் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு மாணவன் படிக்கும் வேதியியல், கணிதம், கணினி மூன்றும் மூன்று பாடங்கள் அல்ல, ஒரே பாடம். நேர அட்டவணையில் மூன்று கட்டங்களாகவும், மார்க் ஷீட்டில் மூன்று வரிகளாகவும் பிரித்து வைத்திருப்பது நம்முடைய வசதிக்காக. அதில் இரண்டைப் பிடுங்கிவிட்டு மூன்றாவதை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்பவருக்கு அந்த மூன்றாவதும் தெரியாது என்றே நான் நினைப்பேன்.

வெறும் வாய்ப்பேச்சாக இருக்க வேண்டாம் என்பதற்காக, என் வகுப்பில் நடந்த ஒன்றையே சொல்கிறேன். எங்கள் வராந்தாவில் தீயணைப்புக்கான சிவப்பு உருளை ஒன்று தொங்குகிறது. உள்ளே இருப்பது கார்பன் டை ஆக்சைடு. அதைக் காட்டித்தான் நான், சமன்பாடுகளுக்கு எண்களைக் கொண்டு படிப்படியாக விடை காணும் நியூமெரிக்கல் மெத்தட்ஸ் பாடத்தைத் தொடங்குவது வழக்கம். ஒரு மோல் கார்பன் டை ஆக்சைடு, 27 டிகிரி செல்சியஸ், 50 அட்மாஸ்பியர் அழுத்தம், கன அளவு எவ்வளவு என்பது கேள்வி. மூலக்கூறுகளுக்குப் பருமனும் இல்லை, ஈர்ப்பும் இல்லை என்று வைத்துக்கொள்ளும், பிளஸ் ஒன்னில் படித்த இலட்சிய வாயுச் சமன்பாட்டின்படி 0.49 லிட்டர். 1873ஆம் ஆண்டு தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் வான் டெர் வால்ஸ் அந்த இரண்டையும் கணக்கில் சேர்த்துத் தந்த சமன்பாட்டின்படி ஏறத்தாழ 0.36 லிட்டர். முதல் விடை இரண்டாவதைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல். முதல் விடையை நம்பித் தொட்டி வாங்கினால் வாங்குகிறவர் பணம் வீண். இந்த இரண்டாவது விடையைச் சும்மா எழுதிவிட முடியாது. கன அளவில் அது ஒரு முப்படிச் சமன்பாடு. அதனால்தான், ஓர் ஊகத்தில் தொடங்கிச் சுற்றுக்குச் சுற்று அதைத் திருத்திக்கொண்டே விடையை நெருங்கும் நியூட்டன்-ராப்சன் முறை வேண்டியிருக்கிறது. 0.49இலிருந்து தொடங்கினால் ஐந்து சுற்றுகளுக்குள் விடை நிலைத்துவிடும்.

முப்படிச் சமன்பாடு என்றால் மூன்று மூலங்கள், அதாவது மூன்று விடைகள் இருக்குமே, எதை எடுப்பது என்று ஆண்டுக்கு ஒரு பிள்ளையாவது கேட்கும். நான் காத்திருப்பதே அந்தக் கேள்விக்காகத்தான். கார்பன் டை ஆக்சைடை 31 டிகிரிக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அது திரவமாகத் தொடங்கும். அந்த இடத்தில் சமன்பாடு மெய்யான மூன்று விடைகளைத் தரும். பெரியது வாயு, சிறியது திரவம், நடுவில் இருப்பதற்குப் பௌதிகப் பொருள் எதுவும் இல்லை. மூன்று விடை உண்டு என்பதைக் கணிதம் சொல்கிறது, எது எதற்கு உரியது என்பதை வேதியியல் சொல்கிறது, அதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் கண்டுபிடித்துத் தருவது கணினி. இதில் எந்த இரண்டைக் கிழித்துப் போடலாம் என்று விருந்தினர் அவர்கள் சொன்னால் தெரிந்துகொள்வேன்.

"இப்போதுதான் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, கேட்டால் அதுவே நிரலை எழுதித் தருகிறதே" என்று இந்நேரம் ஒருவர் தட்டச்சு செய்யத் தொடங்கியிருப்பார். எழுதித் தருகிறது, மறுக்கவில்லை. போன பருவம் ஒரு மாணவன் இதே கணக்குக்கு அப்படித்தான் வாங்கி வந்தான். நிரலில் ஒரு குறையும் இல்லை, நான் எழுதியிருந்தால்கூட அவ்வளவு சுத்தமாக எழுதியிருக்க மாட்டேன். ஆனால் வெப்பநிலை கேட்ட இடத்தில் அவன் 300 என்று கெல்வினில் கொடுக்காமல், கேள்வித்தாளில் இருந்தபடியே 27 என்று கொடுத்துவிட்டான். கணினி பிழைச் செய்தி காட்டவில்லை, முணுமுணுக்கவும் இல்லை. இலட்சிய வாயுவுக்கு 0.0443, வான் டெர் வால்ஸுக்கு 0.0438 என்று நான்கு தசம இடங்களோடு அச்சடித்துத் தந்தது. ரெக்கார்டு நோட்டில் அவன் எழுதியிருந்த முடிவுரை இது: இரண்டுக்கும் இடையே வேறுபாடு மிகக் குறைவு, ஆகவே இலட்சிய வாயுச் சமன்பாடே போதுமானது.

வான் டெர் வால்ஸ் சமன்பாட்டில் பி என்றொரு மாறிலி உண்டு. மூலக்கூறுகள் தாமாக அடைத்துக்கொள்ளும் இடத்தை அது குறிக்கும், கார்பன் டை ஆக்சைடுக்கு அது மோலுக்கு 0.0427 லிட்டர். அவனுடைய விடை 0.0438. அதாவது அவன் கணக்கில் வாயு மூலக்கூறுகள், முன்பெல்லாம் தீபாவளிக்கு முந்தைய இரவு கோயம்பேட்டில் பேருந்துக்கு நின்றவர்களைப் போல, மூச்சுவிட இடமில்லாமல் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. வேதியியல் படித்த கண் அந்த எண்ணைப் பார்த்தவுடன் திடுக்கிட்டிருக்க வேண்டும். அந்தத் திடுக்கிடலைத்தான் நாங்கள் இரண்டாம் ஆண்டில் கற்றுத்தர முயல்கிறோம்.

"கோடிங்கே சொல்லித்தருவதில்லை" என்றும் அந்த மேடையில் ஒரு வரி வந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017ஆம் ஆண்டு ரெகுலேஷன் என்ற பாடத்திட்டத்திலேயே எல்லாத் துறை மாணவர்களுக்கும் முதல் செமஸ்டரில் பைதான் பாடம் வந்துவிட்டது. மேடையேறுவதற்கு முன்பு பாடத்திட்டத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்திருக்கலாம். அவருக்கு நேரமிருந்திருக்காது, பெரிய மனிதர்.

எம்-த்ரீயில் வெப்பச் சமன்பாடு ஒன்று வரும். ஒரு நீளமான கம்பி, இரு முனைகளும் சுழி வெப்பநிலையில், நடுவே வெப்பம் காலப்போக்கில் எப்படிப் பரவுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். விடை, சைன் அலைகளைக் கூட்டிக்கொண்டே போகும் ஃபூரியே தொடராக வந்து நிற்கும். "மேம், இந்தக் கம்பியை யாரு சூடு பண்ணாங்க, ஏன் பண்ணாங்க?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டாள். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். அன்று மாலை வீட்டில் வடுமாங்காய் ஜாடியைக் குலுக்கும்போதுதான் அவளுக்குச் சொல்ல வேண்டிய பதில் கையில் இருப்பது உறைத்தது. ஃபூரியே 1822இல் தம் நூலில் வெப்பத்துக்கு எழுதியதன் சாயலிலேயே 1855இல் ஃபிக் விரவலுக்கு, அதாவது ஒரு பொருள் இன்னொன்றுக்குள் மெல்லப் பரவுவதற்கு, விதி எழுதினார். கம்பியில் வெப்பம் பரவுவதும் மாங்காய்க்குள் உப்பு இறங்குவதும் ஒரே சமன்பாடு. தடிமன் இரட்டிப்பானால் ஊறும் நேரம் இரட்டிப்பாவதில்லை, நான்கு மடங்காகும். வடு சீக்கிரம் ஊறிவிடுவதற்கும் முழு மாங்காய் அழுகத் தொடங்குவதற்கும் இடையே இந்த வர்க்கக் கணக்கும் இருக்கிறது. மறுநாள் வகுப்பில் இதைச் சொன்னபோது அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை; ஆனால் அதற்குப் பிறகு முன் பெஞ்சுக்கு வந்துவிட்டாள்.

இதையெல்லாம் நாங்கள் ஒழுங்காகச் சொல்லித்தருகிறோமா என்று கேட்டால், இல்லை, பல நேரங்களில் இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன். எக்ஸின் முப்படியிலிருந்து இரண்டு எக்ஸையும் ஐந்தையும் கழித்தால் சுழி என்ற சமன்பாட்டைத் தமிழ்நாட்டில் நியூமெரிக்கல் படித்த அத்தனை பேரும் கேசியோ கால்குலேட்டரைத் தட்டித் தீர்த்திருப்பார்கள். 1669 வாக்கில் எழுதிய குறிப்பில் நியூட்டனே தம் முறைக்கு எடுத்துக்காட்டாகப் போட்ட சமன்பாடு அது. நாங்கள் அதை நியூட்டனுடையது என்றும் சொல்வதில்லை, அதற்குப் பதிலாக ஒரு உண்மையான வாயுவின் சமன்பாட்டைக் கொடுக்கலாமே என்றும் யோசிப்பதில்லை. தேர்வுக்கு வரும் கேள்வி, ஆகவே போடு. அறுபது பேர் வகுப்பு, வாரத்துக்கு இத்தனை மணிநேரம், இன்டர்னல், கவுன்சலிங் ரிப்போர்ட், அங்கீகாரக் குழு வருகைக்கான கோப்புகள் என்று எல்லாம் போக மிஞ்சும் நேரத்தில் நாங்களும் மனிதர்கள்தான். ஆனால் சமையல் சரியில்லை என்பதற்காக அரிசி வேண்டாம் என்று யாராவது சொல்வார்களா?

"கெமிக்கல் படித்தவர்களும் கடைசியில் ஐடிக்குத்தானே போகிறார்கள்" என்பது அடுத்த கணை. போகட்டும். போகாமல் மணலியிலும் கடலூரிலும் தூத்துக்குடியிலும் ஆலைக்குள் நிற்கப்போகிறவர்களும் அதே வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். யார் எங்கே போவார்கள் என்று இரண்டாம் ஆண்டில் யாருடைய நெற்றியிலும் எழுதி ஒட்டியிருக்கவில்லை.

அப்படி ஆலைக்குள் நிற்பவருக்கு இது தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய விசாரணை அறிக்கை சாட்சி. 2007 டிசம்பர் 19 அன்று அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ஜாக்சன்வில் நகரில் டி2 லேபரட்டரீஸ் என்ற சிறிய வேதித் தொழிற்சாலை வெடித்துச் சிதறியது. பெட்ரோலில் சேர்க்கும் ஒரு பொருளை அங்கே தயாரித்துவந்தார்கள். அன்று நடந்தது 175ஆவது தொகுதித் தயாரிப்பு (பேட்ச்). குளிர்விக்கும் ஏற்பாடு செயலிழந்தது, அதற்கு மாற்று ஏற்பாடு இல்லை, வினை கட்டுமீறியது. நான்கு பேர் இறந்தார்கள், அவர்களில் ஒருவர் அந்நிறுவனத்தின் உரிமையாளர்களில் ஒருவர். 32 பேர் காயமடைந்தார்கள். வெப்பநிலை ஏற ஏற வினை வெப்பத்தை அடுக்குக்குறி வேகத்தில் உமிழ்கிறது. ஆனால் கலனைச் சுற்றிய உறைக்குள் ஓடும் தண்ணீரோ வெப்பநிலை வேறுபாட்டுக்கு நேர்விகிதத்தில் மட்டுமே வெப்பத்தை இழுத்துச் செல்கிறது. இரண்டு கோடுகளையும் ஒரே வரைபடத்தில் போட்டால், ஒரு புள்ளிக்குப் பிறகு தண்ணீரால் எட்டிப்பிடிக்கவே முடியாது என்பது தெரிந்துவிடும். வெப்பநிலையோடு வினையின் வேகம் எப்படி ஏறும் என்று சொல்லும் அர்ஹீனியஸ் சமன்பாடு, ஒரு வகைக்கெழுச் சமன்பாடு, அதைப் படிப்படியாகத் தீர்க்க ரூங்கே-குட்டா முறை, இருபது வரி நிரல். நான்குமே நம் பிள்ளைகளின் கைக்கு எட்டுபவைதான். அந்த விபத்தை விசாரித்த அமெரிக்க வேதிப் பாதுகாப்பு வாரியம் 2009இல் வெளியிட்ட அறிக்கையில், வேதிப் பொறியியல் இளநிலைப் பாடத்திட்டத்தில் இத்தகைய வினைகளின் ஆபத்தைச் சேர்க்கச் செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. நான்கு பிணங்கள் விழுந்த பிறகு அங்கே பாடத்தைக் கூட்டச் சொன்னார்கள். இங்கே சால்வை போர்த்திக்கொண்டு குறைக்கச் சொல்கிறார்கள்.

"உங்கள் வேலை போய்விடுமே என்ற பயத்தில் பேசுகிறீர்கள்" என்று எழுதப்போகிறவர்களே, ஆம், பயம்தான். கணிதமும் வேதியியலும் நடத்தும் எங்களுக்குக் கல்லூரியில் எஸ் அண்ட் எச் (சயின்ஸ் அண்ட் ஹியூமானிட்டீஸ்) டிபார்ட்மெண்ட் என்று பெயர். இன்ஜினியரிங் துறைக்காரர்கள் நடுவில் நாங்கள் கல்யாண வீட்டுக்கு வந்த தூரத்து உறவு. மே மாத வெயிலில் அட்மிஷனுக்காகப் பள்ளி பள்ளியாக நோட்டீஸ் கொடுக்கப் போகும்போது மட்டும் எங்களுக்கு முதல் மரியாதை உண்டு. நான் முன்பு வேலைபார்த்த ஒரு கல்லூரியில் வேதியியல் லேபின் பாதியைத் தடுத்துப் பிளேஸ்மெண்ட் பயிற்சி அறை ஆக்கினார்கள். பியூரெட்டுகளைக் காலி பெட்டிகளில் அடுக்கிய லேப் அட்டெண்டர் அண்ணன், உடையாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் செய்தித்தாள் சுற்றிக்கொண்டிருந்தார். அவற்றை இனி யாரும் எடுக்கப் போவதில்லை என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்று எனக்கே விளங்கவில்லை, ஆனால் அந்தக் கைதட்டலைக் கேட்டபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்தச் செய்தித்தாள்தான்.

அந்தக் காணொளி எனக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என்னிடம் படித்த ஒரு பையன், "நூறு சதவீதம் உண்மை" என்று மேலே எழுதி, சிரிக்கும் பொம்மைகள் மூன்றைப் போட்டுப் பகிர்ந்திருந்தான். எம்-த்ரீ அரியரை நான்காவது முறை எழுதித் தேறியவன். சனிக்கிழமை மதியங்களில் ஸ்டாஃப் ரூமில் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, பகுதி வகைக்கெழுச் சமன்பாட்டில் மாறிகளைப் பிரிக்கும்போது ஒவ்வொரு முறையும் கழித்தல் குறியைத் தொலைப்பான். அந்தக் குறியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வட்டமிட்டு ஒரு பேனாவே தீர்ந்தது. இப்போது பெங்களூரில் நல்ல வேலையில் இருக்கிறான், எனக்கு மகிழ்ச்சி. பகிரட்டும், அவன் பக்கம், அவன் உரிமை.

இந்தப் பதிவின் பாதியில் இருக்கும்போது அவனிடமிருந்து வாட்ஸப்பில் செய்தி வந்தது. அவன் பகிர்ந்ததை நான் பார்த்துவிட்டேன் என்று யாரோ அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். "மேம், நான் உங்களைச் சொல்லல மேம், தப்பா எடுத்துக்காதீங்க" என்று இருந்தது. திறந்து படித்துவிட்டேன், நீல டிக் விழுந்துவிட்டது. என்ன பதில் எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை.