பேசி முடிப்பதற்கா சட்டம்?

"பி.சி.ஆர். கேஸ் போட்டு மிரட்டுகிறார்கள், அந்தச் சட்டத்தைத் திருத்த வேண்டும்." பி.சி.ஆர். என்பது குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் ஆங்கிலச் சுருக்கம்; பட்டியல் சாதியினருக்கு எதிரான கொடுமைகளுக்காக வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் போடும் வழக்கையும் எங்கள் பக்கம் பி.சி.ஆர். கேஸ் என்றே சொல்வார்கள். இந்தப் பேச்சு புதிதல்ல. 2009 வாக்கில் கொங்கு மண்டலத்து அரசியல் மேடைகளிலேயே ஒலித்த கோரிக்கைதான். பவானி, கோபி, காங்கேயம் என்று எங்கே போனாலும் டீக்கடை பெஞ்சில் யாராவது ஒருவர் இதைச் சொல்லிக்கொண்டிருப்பார். பெரும்பாலான கேஸ் பொய் கேஸ், அதனால்தான் விடுதலையாகிறது என்பது அவர்களுடைய வாதம். அந்த விடுதலைகள் எப்படி நடக்கின்றன என்று உள்ளே இருந்து பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான்.

என் சித்தி மகன் கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலம் எங்கள் தெருவிலிருந்து கிளம்பி மெயின் ரோட்டு வழியாகக் கோயில் வரை போவதாக ஏற்பாடு. மேளக்காரர்கள் முனையைத் தாண்டும்போது நாலு பேர் குறுக்கே பைக்கை நிறுத்தினார்கள். "உங்க தெருவுக்குள்ள சுத்திட்டுப் போங்கடா." அவ்வளவுதான். அடிதடி இல்லை. மாப்பிள்ளை மாலையோடு திரும்பி நடந்தான்.

மறுநாள் சித்தப்பா ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் கொடுத்தார். எஃப்.ஐ.ஆர். போடவில்லை, புகாரை வாங்கிக்கொண்டதற்கான மனு ரசீதுதான் தந்தார்கள். பொழுது சாய்வதற்குள் ஊர்ப் பெரியவர்கள் வந்துவிட்டார்கள். "ஊருக்குள்ள இருக்கணுமல்ல, பேசி முடிச்சுக்கலாம்" என்றார்கள். ஸ்டேஷன் ரைட்டரும் அதையே சொன்னார். சித்தப்பா வேலை செய்யும் தோட்டம் அந்த நாலு பேரில் ஒருவனுடைய பெரியப்பாவுக்குச் சொந்தம். குடியிருக்கும் சாளையும் அவருடையதே. கல்யாணத்துக்கு வாங்கிய முன்பணம் வேறு கழியவில்லை. "எங்களுக்குள் எந்தப் பிரச்சினையும் இல்லை" என்று வெள்ளைத்தாளில் எழுதி, சித்தப்பா கையெழுத்துப் போட்டார். பேனாவை நீட்டியது ரைட்டர்.

இனி யாராவது கணக்குக் கேட்டால் அது முகாந்திரமில்லாத புகார்.

இந்த ஊர்வலத்தைப் பற்றிச் சட்டத்தில் நேரடியாகவே எழுதியிருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015இல் கொண்டுவந்த திருத்தத்தில், பொது இடத்தில் சைக்கிள், பைக் ஓட்டுவது, செருப்புப் போடுவது, புதுத்துணி உடுத்துவது, கல்யாண ஊர்வலம் போவது இவற்றைத் தடுத்தால் குற்றம் என்று ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது 1950இல். 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம். அதையே 1976இல் கடுமையாக்கி, குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாற்றினார்கள். அப்புறம் 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். இத்தனைக்குப் பிறகும் செருப்பையும் புதுத்துணியையும் சட்டத்தில் எழுத வேண்டியிருந்தது என்றால், கிராமத்தில் என்ன நடந்துகொண்டிருந்திருக்கும்?

டீக்கடையையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பாட்டி காலத்தில் கொட்டாங்குச்சி. அம்மா காலத்தில் தனி டம்ளர், குடித்துவிட்டு நாமே கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். இப்போது பேப்பர் கப். நமக்குக் கேட்காமலே பேப்பர் கப் வரும், பக்கத்தில் நிற்பவருக்குக் கண்ணாடி கிளாஸ் வரும். கேட்டால் "சுகாதாரம்" என்பார்கள். ஓட்டலில் பாத்திரத்தில் பாகுபாடு காட்டினால் ஒரு மாதத்துக்குக் குறையாத சிறை என்கிறது 1955 சட்டம். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியாக இருந்தால், தீண்டாமையால்தான் அப்படிச் செய்தார் என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். இல்லை என்று நிரூபிப்பது எதிராளியின் பொறுப்பு. இவ்வளவு வலுவான சட்டத்தில் எத்தனை டீக்கடைக்காரர் உள்ளே போயிருக்கிறார் என்று உங்கள் ஊரில் கேட்டுப் பாருங்கள்.

கோகுல்ராஜ் வழக்கு எல்லோருக்கும் தெரியும். 2015 ஜூனில், ஆதிக்க சாதித் தோழியோடு பேசிக்கொண்டிருந்ததற்காகத் திருச்செங்கோடு மலைக்கோயிலிலிருந்து கடத்தப்பட்டு, பள்ளிபாளையம் பக்கம் ரயில் பாதையில் பிணமாகக் கிடந்த தலித் பையன். முக்கிய சாட்சியே பிறழ் சாட்சியானார். வழக்கை நாமக்கல்லில் நடத்த முடியாமல் மதுரைக்கு மாற்ற வேண்டியிருந்தது. கோயிலின் சிசிடிவி பதிவு பெரும் பலமாக இருந்தது. 2022 மார்ச்சில் 10 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. கோகுல்ராஜின் தாய் கடைசிவரை அசையாமல் நின்றார். கேமராவும் இல்லாமல், அப்படி நிற்கும் தெம்பும் இல்லாமல் எத்தனை வழக்குகள் பொய் கேஸ் கணக்கில் போய்ச் சேர்ந்திருக்கும்? சாட்சியை மிரட்டிக் கலைப்பது, புகார்தாரரை உட்காரவைத்துப் பேசி முடிப்பது, பிறகு விடுதலைக் கணக்கைக் காட்டிச் சட்டமே தப்பு என்பது. இந்த அநியாயத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது.

ஸ்டேஷனில் சமரசம் பேச வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் இடம் கிடையாது. எஃப்.ஐ.ஆர். போட முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்று 2018இல் நாடாளுமன்றமே திருத்தம் கொண்டுவந்தது, 2020இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாதவர் விசாரித்து, 60 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். கடமையைச் செய்யாத அதிகாரிக்கே சிறைத்தண்டனை உண்டு. கலெக்டர் தலைமையில் மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும்.

அந்தக் குழு கடைசியாக எப்போது கூடியது, எத்தனை புகார் மனு ரசீதோடு நின்றது என்று கேட்டு ஆர்.டி.ஐ. மனு மாதிரி ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். ஈரோடு, திருப்பூர், நாமக்கல், கோவை எந்த மாவட்டமானாலும் பெயரை மட்டும் மாற்றி அனுப்பலாம். வேண்டும் என்பவர்கள் இன்பாக்ஸில் கேளுங்கள்.